குடவோலையும் மின்னணுப் பெட்டியும்

எந்திரத்தை நம்புகிறவர்களில் இரு வகையினரை நம் ஊரில் காண்கிறேன். வென்ற பின் நம்புகிறவர் ஒரு வகை. கேட்கச் சோம்பி நம்புகிறவர் மற்றொரு வகை. எந்திரத்தை ஐயுறுவோரிலும் இதே இரு வகையினர் உண்டு. தோற்ற பின் ஐயுறுவோர் ஒரு சாரார். பிறர் ஐயுறக் கண்டு தாமும் தலையாட்டுவோர் மற்றொரு சாரார். இந்நால்வரின் கூச்சலுக்கு நடுவே, ஒரு கருவியை மக்கள் எவ்வாறு நம்பத் தலைப்படுகின்றனர் என்னும் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கின்றது. அதனை இச்சங்க மலரில் எழுப்ப விழைகின்றேன். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். காரணம், அந்த எந்திரத்தைப் பற்றிய வழக்கில் வாதியும் பிரதிவாதியும் நம் சித்தூர்ச் சீமையிலேயே அகப்படுகின்றனர்.

சந்திரகிரியை அடுத்த நாராவாரிப்பள்ளியில் பிறந்தவர் திரு. சந்திரபாபு நாயுடு. மூன்று மாநிலங்கள் கூடும் குப்பத்திலிருந்து, தமிழர் திரளாக வாழும் அத்தொகுதியிலிருந்து, 1989 முதல் சட்டமன்றம் செல்பவர். 1995 முதல் 2004 வரை முதலமைச்சராயிருந்தபோது கணிப்பொறியைத் தம் ஆட்சியின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்டவர். அவரே 2019இல், எந்திரத்தின் எண்ணிக்கையோடு ஒப்புகைச் சீட்டுகளில் பாதியையேனும் எண்ணி ஒப்பிட வேண்டும் என்று இருபதுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் சென்றார். தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை ஐந்து என்று உயர்த்தி 2019 ஏப்ரல் 8 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தேர்தலில் 175 இடங்களில் 151 இடங்களைத் திரு. ஜெகன்மோகன் கட்சி வென்றது. எந்திரத்தைப் பற்றிய முறையீடு தோல்விப் பயத்தின் புலம்பல் என்று அக்கட்சியினர் நகைத்தனர். ஐந்தாண்டுகள் கழிந்தன. 2024 ஜூன் 4 அன்று அதே கட்சி பதினோரு இடங்களில் நின்றது. எதிரணி 164 இடங்களைப் பெற்றது. இரண்டு வாரம் செல்லுமுன், முன்னேறிய நாடுகளைப்போல் காகித வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று திரு. ஜெகன்மோகன் அறிவித்தார். வென்ற அணியோ பெட்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டது. 2019இல் நகைத்த வாய் 2024இல் அழுதது. அழுத வாய் நகைத்தது. பெட்டியின் மேலிருந்த ஐயமும் நம்பிக்கையும் மாலையைப்போல் கழுத்து மாறின.

இது ஆந்திரத்தார்க்கு மட்டும் உரிய நோயன்று. இந்தியாவில் இவ்வெந்திரம் முதன்முதல் பணிபுரிந்தது 1982 மே மாதம், கேரளத்துப் பறவூர்த் தொகுதியின் ஐம்பது சாவடிகளில். தேர்தலுக்கு முன் எந்திரம் கூடாதென்று நீதிமன்றத்தை அணுகியவர் இந்தியக் கம்யூனிஸ்டு வேட்பாளர் சிவன் பிள்ளை. அவர் வழக்கு நிற்கவில்லை. ஆனால் தேர்தலில் 123 வாக்குகளில் அவரே வென்றார். உடனே எந்திரம் கூடாதென்று வழக்குத் தொடுத்தவர், தோற்ற ஏ.சி. ஜோஸ்! எந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 1984 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூற, அந்த ஐம்பது சாவடிகளிலும் காகிதத்தில் மறுபடி வாக்குப் பதிந்து ஜோஸ் வென்றார். தமிழகத்தில் 2001இல் மாநிலம் முழுவதும் எந்திரம் என்றபோது அதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் சென்றது அ.இ.அ.தி.மு.க.; வழக்கில் தோற்றது, அதே எந்திரத்தில் ஆட்சியைப் பிடித்தது. அதன்பின் அவ்வழக்கை நினைவுகூர்ந்தவர் எவரும் உண்டோ? 2009 தேர்தலுக்குப் பின் எந்திரங்களைச் சாடி எழுந்த ஆங்கில நூலொன்றுக்கு அணிந்துரை வழங்கியவர் திரு. எல்.கே. அத்வானி. அவர் கட்சி பின்னாளில் இப்பொருளில் என்ன பேசுகிறது என்பதை வாசகர் அறிவர்.

ஆகவே கட்சித் தலைவர்களின் நம்பிக்கையையோ ஐயத்தையோ நாம் சான்றாகக் கொள்ளலாகாது. அப்படியாயின் வல்லுநரை நம்பலாமா? இங்கேதான் தமிழர்க்கு ஒரு தனிச் சபலம் உண்டு. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இவ்வெந்திரத்தை வடிவமைத்து உருவாக்கும் பணியை மேற்பார்த்தவர் எஸ். ரங்கராஜன், அதாவது நம் சுஜாதா. “சுஜாதா செய்த பெட்டியில் சூது இருக்குமா?” என்று நம் சங்கக் கூட்டங்களில் நண்பர்கள் கேட்கிறார்கள். பெருமை நியாயமானதே, எனக்கும் அப்பெருமை உண்டு. ஆனால் பெருமை சான்றாகாது. எந்தக் கருவியையும் மூடிப் பார்க்காதே, திறந்து பார் என்று ஒரு தலைமுறைத் தமிழ் வாசகர்க்குக் கணிப்பொறியைக் கற்பித்தவர் அவர். அவர் பெயரைச் சொல்லியே கேள்வியை அடக்குவது அவர்க்குச் செய்யும் மரியாதை ஆகாது.

நம் முன்னோர் இதனை எப்படிக் கையாண்டனர் என்று சற்றே நோக்குவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழாத தமிழ் மேடை இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுச் சாசனங்கள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ளன. உலகுக்கு மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தோம் என்று நாம் மார்தட்டுவதோடு சரி, அச்சுவரில் உள்ளதைப் படிப்பதில்லை. அது பிரமதேயச் சபை. நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கு மட்டும் உரியது. பெண்டிர்க்கும் பிறர்க்கும் அங்கே இடமில்லை. ஆகவே அதை மக்களாட்சி என்று நான் கூற மாட்டேன். நான் வியப்பது வேறொன்றை. அவர்கள் தம் கருவியை, ஒரு மட்குடத்தை, எத்துணை ஐயத்தோடு நடத்தினார்கள்!

முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகள் வந்தன. இளைஞரும் முதியோருமாகச் சபை நிறையக் கூட வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் வந்து அமர வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து நின்று குடத்தை உயர எடுத்து எல்லோரும் காணும்படி பிடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுக்க வேண்டும்; எடுத்த கட்டை வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கி, அதிலிருந்து மீண்டும் ஓர் ஓலை எடுக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியவன் படிக்க வேண்டும். அவன் படித்தால் போதாது, அமர்ந்திருக்கும் நம்பிமார் அனைவரும் அந்த ஓலையைப் படிக்க வேண்டும்.

ஐந்து விரலையும் ஏன் விரிக்க வேண்டும்? விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாம் என்பதனால். மத்தியஸ்தன் கள்வன் என்று சபை கருதவில்லை. அவன் நல்லவனாயினும் கையை விரித்தே காட்ட வேண்டும் என்று கருதியது. அவனும் அதை அவமானமாக எண்ணியிருக்க மாட்டான். இன்று ஓர் எந்திரத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால் நாட்டையே இழித்துப் பேசியதுபோல் சினம் கொள்கிறோமே, அந்தச் சினம் உத்திரமேரூரார்க்கு விளங்கியிராது. திருமலையில் உண்டியற் காணிக்கை எண்ணும் பரகாமணியையும் பக்தர்கள் காணும்படி கண்ணாடித் தடுப்பு வைத்தே அமைத்தனர். கடவுளுக்கு உரிய பணத்தையே கண்ணாடிக்குள் எண்ணும்போது, குடிமகனுக்கு உரிய வாக்கை எண்ணுமிடத்தில் மட்டும் நம்பிக்கையைக் கடனாகக் கேட்பானேன்?

இனி, எந்திரத்தின் பக்கம் இருக்கும் நியாயத்தையும் கூறிவிடுகிறேன். மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தனாகப் பணிபுரிவதால் தேர்தல் தோறும் எனக்கும் ஓர் ஆணை வரும். 2024 மே 13 அன்று, சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நுண் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். வாக்குப்பதிவு ஏழு மணிக்கு. மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரை மணிக்கு. பள்ளிக்கூட அறையில் ஒற்றை விளக்கு. மக்களவைக்கு ஒன்று, சட்டமன்றத்துக்கு ஒன்று என இரு வரிசை எந்திரங்கள். முகவர்கள் கண்முன் குறைந்தது ஐம்பது வாக்குகளைப் போட்டு, எந்தச் சின்னத்துக்கு எத்தனை என்று தாளில் குறித்து, பின் எந்திரத்தின் கணக்கையும் பெட்டியில் விழுந்த ஒப்புகைச் சீட்டுகளையும் எண்ணி, மூன்றும் ஒத்தால் எல்லோரும் கையொப்பமிட வேண்டும். பிறகு கணக்கை அழித்துச் சுழியத்தைக் காட்டி, சீட்டுகளின் பின்புறம் மாதிரி என்று முத்திரையிட்டுக் கறுப்பு உறையில் வைத்து அரக்கு முத்திரை இட வேண்டும். அன்று மூன்றும் ஒத்தன. நான் பணிசெய்த வேறு தேர்தல்களிலும் ஒவ்வாது போனதைக் கண்டதில்லை.

உத்திரமேரூரின் குடம் தூக்கும் சடங்கு இதுதான். ஆனால் காண வேண்டியவர்கள் எங்கே? முகவர் வரவில்லையெனில் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. காத்திருந்தோம். இருவர் வந்தனர். ஒருவர் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தார். மற்றவர் எண்ணி முடிக்குமுன்பே தாளில் கையொப்பமிட்டு விட்டுத் தேநீருக்குச் சென்றார். மாலையில் பதிவான மொத்த வாக்குகளைக் காட்டும் 17சி படிவத்தின் நகலை வாங்கும்போதும் அதிலுள்ள எண்ணைப் படித்துப் பார்த்தவர் ஒருவரே. எண்ணிக்கை நாளன்று எந்திரம் மாற்றப்பட்டதா இல்லையா என்று காட்டக்கூடிய காகிதம் அது! தொலைக்காட்சியில் இரவெல்லாம் எந்திரத்தைச் சாடும் கட்சிகள், காலை ஐந்தரைக்கு ஓர் ஆளை விழித்திருக்கச் செய்ய இயலாதனவாய் இருக்கின்றன. இவர்களின் ஐயம் தூங்கி எழுந்த பின் வரும் ஐயம்.

மேலும், பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பவர் பெட்டிக்கு வெளியே நடப்பதைக் காண்பதில்லை. 2019 மே 19 அன்று சந்திரகிரித் தொகுதியின் ஏழு சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடந்தது. எந்திரம் பழுதென்றா? இல்லை. பட்டியல் சாதி மக்களைத் தம் வாக்கைத் தாமே போட விடவில்லை என்பது எழுந்த புகார். அதே ஆண்டு, நம் எல்லைக்கு அப்பாலுள்ள வேலூரில் பணம் பிடிபட்டதன் பேரில் மக்களவைத் தேர்தலே நிறுத்தப்பட்டு ஆகஸ்டு 5இல் நடந்தது. 2021 ஏப்ரலில் நடந்த திருப்பதி இடைத்தேர்தலை இவ்வூர்த் தமிழர் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியூரிலிருந்து பேருந்துகளில் வந்தவர்கள் கையில் வாக்காளர் அட்டைகள் இருந்தன என்று அன்றே குற்றச்சாட்டு எழுந்தது. 2024 ஜனவரியில், அத்தேர்தலின்போது பொறுப்பிலிருந்த இந்திய ஆட்சிப்பணி அதிகாரி ஒருவர் தேர்தல் ஆணையத்தின் ஆணைப்படி இடைநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய கடவுச்சொல்லைப் பிறர் பயன்படுத்தி ஆயிரக்கணக்கில் வாக்காளர் அட்டைகளைக் கணிப்பொறியிலிருந்து இறக்கினர் என்பது விவகாரம்.

கடவுச்சொல்! அலுவலக வாழ்க்கை அறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. மேலதிகாரிகளின் கடவுச்சொல்லைக் காகிதத் துண்டில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் அலுவலகங்கள் எத்தனை எத்தனை. ஐயா கையொப்பமிட வேண்டியதை ஒப்பந்தப் பையன் விரல் சொடுக்கில் முடிக்கிறான். முன்பு கோப்பில் மையால் எழுதிய குறிப்புக்கு எழுதியவன் கையெழுத்துச் சாட்சி சொல்லும். இன்று திரையில் தோன்றும் பெயருக்குப் பின்னால் யார் அமர்ந்திருந்தார் என்று திரை சொல்லாது. மின்னணு வாக்குப் பெட்டிக்குப் பூட்டு, அரக்கு, காவலர், கேமரா என்று இத்துணைக் காவல் வைத்த நாம், அப்பெட்டியின் முன் நிற்கத் தகுதி தரும் பட்டியலை ஒரு கடவுச்சொல்லின் காவலில் விட்டோம். எந்திரம் தன் முன் நின்று பொத்தானை அழுத்தியவரை உண்மையாகவே எண்ணியது. நிற்கத் தகாதவர் நின்றாரா என்று அதற்கு எப்படித் தெரியும்?

காகிதத்துக்குத் திரும்பினால் தீருமோ? சாவடியைக் கைப்பற்றிக் கட்டுக்கட்டாக முத்திரை குத்திய காலத்தை நம் தந்தையர் அறிவர். எந்திரம் நிமிடத்துக்கு நான்கு வாக்குக்கு மேல் வாங்காது. அவ்வளவில் அது கொள்ளைக்காரனின் கையைக் கட்டியது. 2024இல் ஆந்திரத்தில் காகிதத்தில் வந்தவை அஞ்சல் வாக்குகள். அவற்றின் மேலும் வழக்குத் தொடுத்தார்கள்: சான்றளித்த அலுவலரின் முத்திரை இல்லாவிடினும் செல்லும் என்றது தவறு என்று, காகிதமே வேண்டும் என்று பின்னர்க் கேட்ட அதே கட்சி வாதிட்டது. ஆக, காகிதம் வந்தாலும் ஐயம் போகாது. பொருள் மட்டும் மாறும்.

நான் வாதிடுவது எந்திரம் வேண்டாமென்று அன்று. குடிமகன் தன் கண்ணால் சரிபார்க்கும் அளவை அதிகாரிகள் அச்சத்தோடு அளந்தளந்து கொடுக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. செருமனி நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச்சில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தேர்தலின் இன்றியமையாத படிகளையெல்லாம் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகனே சரிபார்க்க இயல வேண்டும். இயலாத கருவி ஆகாது என்பது அதன் சாரம். நம் நாட்டில் ஒப்புகைச் சீட்டு வந்ததே 2013இல், பெரும் போராட்டத்துக்குப் பின். அச்சீட்டு ஏழு நொடி கண்ணாடிக்குள் தெரிந்து பெட்டியில் விழுகிறது. விழுந்தவற்றில் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளையே எண்ணுகிறோம். இருநூறு முந்நூறு சாவடிகளின் சீட்டுகள் எண்ணப்படாமல் உறங்குகின்றன. அனைத்தையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் கேட்டால் நூற்றுக்கு ஐந்து எந்திரங்களைச் சோதிக்கலாம் என்றது. அதற்குக் கட்டணம் அவ்வாண்டு ஓர் எந்திரத் தொகுப்புக்கு 40,000 ரூபாய், அதன்மேல் வரி. வாக்களித்தவன் கேட்க முடியாது. தோற்றவன் பணம் கட்டிக் கேட்கலாம். மத்தியஸ்தன் விரலை விரிக்க நாற்பதாயிரம் கேட்டால் உத்திரமேரூர்ச் சபை என்ன சொல்லியிருக்கும்!

எல்லாவற்றினும் என்னை உறுத்துவது 49எம்ஏ என்னும் விதி. தான் அழுத்திய சின்னம் ஒன்று, சீட்டில் தெரிந்தது வேறொன்று என்று ஒரு வாக்காளர் கூறினால், தலைமை அலுவலர் அவரிடம் எழுத்து வாக்குமூலம் வாங்க வேண்டும். பொய்யாயின் தண்டனை உண்டு என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். பழைய தண்டனைச் சட்டத்தின் 177ஆம் பிரிவுப்படி அது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் சட்டத்தின் பெயரும் பிரிவின் எண்ணும் மாறின. பொய்த் தகவலுக்குத் தண்டனை என்பது மாறவில்லை. பின்னர் அவர் முகவர்கள் முன் ஒரு சோதனை வாக்குப் போட வேண்டும். அப்போது சீட்டு சரியாக வந்துவிட்டால் முதலில் கண்டது பொய் என்றாகிவிடும். ஏழு நொடியில் கண்டதை மெய்ப்பிக்க அவரிடம் வேறு சான்று ஏது? குப்பத்தில் தோட்ட வேலைக்குச் செல்லும் ஒரு தாய், தெலுங்கு எழுத்து அறியாதவர், கண்ணில் பட்டதை வாய்விட்டுச் சொன்னால் சிறை என்று எச்சரிக்கப்படுகிறார். மாநிலம் முழுதும் எந்திரங்கள் பொய் என்று அறிக்கை விடும் தலைவரிடம் எந்த அலுவலரும் வாக்குமூலம் கேட்பதில்லை. இப்படிப்பட்ட விதியை வைத்துக்கொண்டு, முறையீடுகள் மிகச் சிலவே, ஆகவே மக்கள் எந்திரத்தை நம்புகின்றனர் என்று கணக்குக் காட்டுவது நேர்மையா?

மொழி பெயர்ந்து வாழும் நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. நம் பெயர்கள் முன்னெழுத்தோடு வழங்குபவை. தெலுங்கர் பெயர்கள் வீட்டுப்பெயரோடு வழங்குபவை. கணிப்பொறியின் கட்டத்துக்குள் இரண்டையும் திணிக்கும்போது நம் தந்தையர் பெயர் நம் வீட்டுப்பெயராகிவிடுகிறது. ஒரே மனிதர் ஆதாரில் ஒருவராகவும் வாக்காளர் பட்டியலில் மற்றொருவராகவும் நிற்கிறார். நியாயவிலைக் கடையில் விரல்ரேகை ஒவ்வாமல் திரும்பும் முதியவரிடம் “எந்திரம் ஏற்கவில்லை” என்பதே விடை. எந்திரத்தின் மேல் முறையிட எங்கே செல்வது என்று எவரும் சொல்வதில்லை. பால் ஊற்றும் பெண்மணி நம்மினும் அறிவுடையவர். கொழுப்பு காட்டும் கருவியின் எண் குறைந்தால் மறுநாள் அதே மாட்டின் பாலை வேறு நிலையத்துக்குக் கொண்டு சென்று அளந்து பார்க்கிறார். இரண்டும் ஒத்தால்தான் அவர் கருவியை நம்புகிறார்.

தேர்தல் ஆணையத்திடம் நான் கேட்பவை பெரியவை அல்ல. 49எம்ஏ விதியிலிருந்து அந்த மிரட்டலை எடுத்துவிடுக. சோதனைக் கட்டணத்தை ஒழித்திடுக. சீட்டு எண்ணும் சாவடிகளைக் கூட்டுக. எண்ணிக்கை ஒரு நாள் தாமதித்தால் நாடு கவிழ்ந்துவிடாது. கடவுச்சொல்லைக் கைமாற்றும் அதிகாரியை மூன்றாண்டு கழித்தன்றி மூன்று வாரத்தில் பிடித்திடுக.

இவற்றை எழுதும்போதே ஒன்று நினைவுக்கு வருகிறது. தேர்தல் பணியில் எந்திரத்தின் அருகில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் எங்களில் பெரும்பாலோர் எந்திரத்தில் வாக்களிப்பதில்லை. எங்களுக்குத் தருவது அஞ்சல் வாக்குச்சீட்டு. எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணிக்கு முதலில் வெளியே எடுத்து, உறையைக் கிழித்து, முகவர்கள் பார்க்க ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவது அந்தக் காகிதங்களைத்தான்.